தேசப்படம், பூகோள உருண்டை, படமாக்கல்: மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களுக்கான கேள்வி பதில்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர் தரத்திலும் புவியியல் கற்கும் மாணவர்களும், அவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கியிருக்கும் இளம் ஆசிரியர்களும் தேசப்படங்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. பரீட்சையில் படம் வாசித்தலுக்குரிய புள்ளிகளைப் பெற இது உதவக்கூடும். ஆனால் அதற்காக மட்டும் எழுதப்படவில்லை. ஒரு படம் எந்த ஆண்டில், எந்த அளவில், எந்த முறையில் ஆக்கப்பட்டது என்பதை அறிந்தவரே அதனைச் சரியாக வாசிக்க முடியும் என்பது என் உறுதியான கருத்து.

வகுப்பில் பூகோள உருண்டை இருக்கும்போது தட்டையான படம் எதற்கு?

இரண்டும் ஒரே வேலையைச் செய்வன அல்ல. வடிவம், பரப்பு, திசை, தூரம் ஆகிய நான்கையும் ஒருசேரத் திரிபின்றிக் காட்டுவது உருண்டை ஒன்றே. ஆனால் அதில் காட்டக்கூடிய விபரம் மிகக் குறைவு. பாடசாலைகளில் காணப்படும் 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டையின் அளவுத்திட்டம், அதாவது அதிலுள்ள நீளத்துக்கும் நிலத்திலுள்ள நீளத்துக்கும் இடையிலான விகிதம், ஏறத்தாழ 1:42,500,000 ஆகும். வடக்குத் தெற்காகச் சுமார் 430 கிலோமீற்றர் நீளமான இலங்கை அதில் ஒரு சென்ரிமீற்றர் மட்டுமே. 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி ஒன்றரை மில்லிமீற்றரையும் எட்டாது. 8,849 மீற்றர் உயரமான எவரெஸ்ற் சிகரம்கூட அந்த உருண்டையில் 0.2 மில்லிமீற்றர் மேடாகவே எழ வேண்டும். மலைகளைக் கையால் தடவி உணரும்படி புடைப்பாகச் செய்த உருண்டைகளில் உயரம் பல மடங்கு மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். இரவு பகல், பருவங்கள், நேர வலயங்கள், நெடுந்தூரப் பாதைகள் ஆகியவற்றுக்கு உருண்டையை எடுங்கள். ஊரையும் மாவட்டத்தையும் படிப்பதற்குப் படத்தை விரியுங்கள்.

கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு மிகக் குறுகிய வழி எது?

கனடாவில் உறவினர் இல்லாத வகுப்பு நம்மிடத்தில் அரிது. ஆகவே இந்தக் கேள்வியை வைத்தே உருண்டையின் பயனை விளக்குவது நல்லது. சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அடிமட்டத்தை வைத்து இரு நகரங்களையும் இணைத்தால் கோடு அரேபியாவையும் சகாராப் பாலைவனத்தையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து செல்கிறது. அதே இரு நகரங்களை உருண்டையின்மேல் ஒரு நூலால் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கு நோக்கி ஏறி, மத்திய ஆசியா, உருசியாவின் வட பகுதி என்று சென்று, வட துருவ வட்டத்தையும் தாண்டி, கிரீன்லாந்தின்மீது இறங்கி ரொறன்ரோவை அடைகிறது. நூலின் நீளம் 33 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். அது ஏறத்தாழ 14,000 கிலோமீற்றரைக் குறிக்கும். விமானங்கள் இடையில் தங்கும் நிலையங்களையும் வான்வழி அனுமதிகளையும் பொறுத்து வேறு பாதையில் செல்லலாம். ஆனால் புவியின் மேற்பரப்பில் மிகக் குறுகிய வழி அந்த நூல் காட்டுவதே.

உலகப் படத்தில் கிரீன்லாந்து ஆபிரிக்காவுக்கு நிகராகத் தெரிகிறதே, உண்மையில் அப்படியா?

இல்லை. ஆபிரிக்காவின் பரப்பு சுமார் 3 கோடி சதுர கிலோமீற்றர். கிரீன்லாந்தின் பரப்பு சுமார் 21.7 இலட்சம் சதுர கிலோமீற்றர். ஒன்று மற்றதைப்போல 14 மடங்கு. வளைந்த மேற்பரப்பு ஒன்றைத் தட்டையான தாளுக்கு மாற்றும் கணித முறையையே எறியம் என்கிறோம். எந்த எறியமும் எதையாவது விட்டுக்கொடுத்தே வேறொன்றைக் காக்கிறது. 1569இல் படவரைஞர் மேகேற்றர் வெளியிட்ட எறியம் கடலோடிகளுக்காக ஆக்கப்பட்டது. திசைகாட்டி காட்டும் ஒரே திசையில் கப்பலைச் செலுத்தினால் அந்தப் பாதை படத்தில் நேர்கோடாக விழ வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதற்காகத் துருவங்களை நோக்கிச் செல்லச் செல்லப் பரப்புப் பெருக இடங்கொடுத்தது. 60 பாகை அகலக்கோட்டில் நீளம் இரு மடங்காகவும் பரப்பு நான்கு மடங்காகவும் பெருகிவிடுகிறது.

மேகேற்றரைக் குறைகூறிவிட்டு நகர்வது சரியன்று. தான் எடுத்துக்கொண்ட வேலையை அந்த எறியம் செம்மையாகவே செய்கிறது. பிழை, சனத்தொகைப் பரம்பலையோ காடுகளின் பரப்பையோ காட்ட அதனைப் பயன்படுத்துவோருடையது. அத்தகைய படங்களுக்குப் பரப்பைக் காக்கும் எறியம் வேண்டும். நமது அகலக்கோடுகளில் மேகேற்றர் எறியத்தின் நீளப் பெருக்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். நம் ஊர்ப் படத்தில் தெரியாத திரிபு, உலகப் படத்தில் மலைபோல் நிற்கிறது.

மட்டக்களப்பின் அமைவிடத்தை அகலக்கோடு, நெடுங்கோடு கொண்டு எவ்வாறு கற்பிப்பது?

மட்டக்களப்பு நகரம் வட அகலக்கோடு 7 பாகை 43 கலை (ஒரு கலை என்பது பாகையின் 60இல் ஒரு பங்கு), கிழக்கு நெடுங்கோடு 81 பாகை 42 கலையை ஒட்டி அமைந்துள்ளது. பொத்துவில் 6 பாகை 52 கலையை ஒட்டி உள்ளது. இலங்கைப் பெருநிலத்தின் கிழக்கு அந்தமான சங்கமன்கண்டி முனையும் அம்பாறை மாவட்டத்திலேயே இருக்கிறது. இந்த எண்களை மனப்பாடம் செய்வித்தால் அவை பரீட்சை முடிந்ததும் மறைந்துவிடும். நிழலை வைத்துக் கற்பித்தால் நிலைக்கும்.

மார்ச் 20 அல்லது 21ஆம் திகதியில் சூரியன் மத்தியகோட்டுக்கு நேர்மேலே நிற்கிறது. அன்று நண்பகலில் பாடசாலை முற்றத்தில் ஒரு மீற்றர் நீளமான கோலைத் தூக்குக்குண்டு கொண்டு செங்குத்தாக நிறுத்துங்கள். மட்டக்களப்பில் அதன் நிழல் வடக்கு நோக்கிச் சுமார் 13.5 சென்ரிமீற்றர் விழும். அந்த நிழலும் கோலும் ஆக்கும் முக்கோணத்தைத் தாளில் வரைந்து, கோலின் உச்சியிலுள்ள கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் ஏழரைப் பாகைக்குச் சற்று மேலாக வரும். அதுவே நமது அகலக்கோடு. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரற்றோஸ்தனிஸ் அலெக்சாந்திரியாவில் நண்பகல் நிழலின் கோணம் முழு வட்டத்தின் 50இல் ஒரு பங்கு என்று கண்டு, அதிலிருந்து புவியின் சுற்றளவைக் கணித்ததும் இதே வழியில்தான்.

ஏப்ரல் 9ஆம் திகதியை ஒட்டியும் செப்டெம்பர் 3ஆம் திகதியை ஒட்டியும் சூரியன் மட்டக்களப்புக்கு நேர்மேலே வருவதால் நண்பகலில் கோலின் நிழல் மறைந்துவிடும். ஏப்ரலில் அது கடிகாரத்தில் 12 மணி கடந்து சுமார் ஐந்து நிமிடத்தில் நிகழும். இலங்கை நேரம் 82 பாகை 30 கலை நெடுங்கோட்டுக்குரியது, நாமோ அதற்குச் சற்று மேற்கே இருக்கிறோம் என்பது அதற்கு ஒரு காரணம். பொத்துவிலில் ஏப்ரல் மாதத்து நிழல் மறைவு ஏறத்தாழ இரண்டு நாள் முந்தியும், செப்டெம்பர் மாதத்தில் இரண்டு நாள் பிந்தியும் நிகழும். இரு ஊர்களிலும் உள்ள பாடசாலைகள் இந்த அவதானிப்பைச் செய்து திகதிகளைப் பரிமாறிக்கொண்டால், 51 கலை வித்தியாசம், அதாவது வடக்குத் தெற்காக ஏறத்தாழ 94 கிலோமீற்றர், பிள்ளைகளின் கண்முன் வந்து நிற்கும்.

1:10,000, 1:50,000 என்பவற்றுள் எது பெரிய அளவுத்திட்டம்?

1:10,000 தான் பெரியது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு, ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கைவிடப் பெரிய பின்னம். எண்ணைப் பார்த்து ஏமாறாமல் பின்னமாக வாசிக்கப் பழக வேண்டும்.

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப் படத்தில் 2 சென்ரிமீற்றர் நிலத்தில் ஒரு கிலோமீற்றர். ஒரு தாள் 40 கிலோமீற்றருக்கு 25 கிலோமீற்றர் நிலத்தை அடக்கும்; நாடு முழுவதற்கும் 92 தாள்கள். மட்டக்களப்பு வாவியை இந்த அளவில் வரைய 112 சென்ரிமீற்றர் நீளம் தேவைப்படுவதால் அது ஒரே தாளுக்குள் அடங்காது. தாள்களை ஒட்டிப் பார்க்க வேண்டும். வாவிக்கரை போன்ற வளைந்த கோட்டை அளக்க நூலை அல்லது ஒரு கடதாசி விளிம்பைச் சிறிது சிறிதாகத் திருப்பி வைத்து அளக்க வேண்டும். 1:10,000 படத்தில் தனித்தனியாகத் தெரியும் சிறு குடாக்களும் கழிமுகங்களும் 1:50,000 படத்தில் ஒன்றிணைந்துவிடுவதால், ஒரே கரை இரு படங்களிலும் இரு வேறு நீளங்களைத் தரும். இதில் எதுவும் தவறன்று.

அரை மில்லிமீற்றர் தடிப்பான வீதிக்கோடு ஒன்று 1:50,000 படத்தில் 25 மீற்றர் அகலத்தைப் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவு அகலமான வீதி நமது ஊர்களில் இல்லை. வீதிகளும் கட்டடங்களும் குறியீடுகளாகவே வரையப்படுகின்றன. ஆகவே படத்தில் வீதியின் அகலத்தை அளந்து விடை எழுதக் கூடாது.

நேர்கோட்டுத் தூரமும் பயணத் தூரமும் நமது பிரதேசத்தில் பெரிதும் வேறுபடும். குருமண்வெளிக்கு வாவியின் எதிர்க்கரையில் மண்டூர் கண்ணுக்குத் தெரிகிறது. படகுப்பாதையில் ஏறாதவர் பட்டிருப்புப் பாலத்தைச் சுற்றியே போக வேண்டும். வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரைக்கும் மேற்கேயுள்ள படுவான்கரைக்கும் இடையிலான எந்தத் தூரத்தைக் கேட்டாலும், எது கேட்கப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

எங்கள் பகுதிப் படத்தில் சமவுயரக்கோடே இல்லையே, இதில் என்ன வாசிப்பது?

மிகவும் முக்கியமான கேள்வி. பாடநூல்களிலும் மாதிரி வினாத்தாள்களிலும் வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மலைநாட்டுப் படங்கள். சுவடு (மலையிலிருந்து நீண்டிறங்கும் முனை), கணவாய், நீர்வீழ்ச்சி, நெருங்கிய சமவுயரக்கோடுகள் என்று படித்துவிட்டு, தன் ஊர்த் தாளை விரிக்கும் பிள்ளை அங்கே வெறுமையைத்தான் காண்கிறது. ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பது சமவுயரக்கோடு; 1:50,000 படத்தில் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையிலான உயர இடைவெளி 20 மீற்றர். கடலோர மணல் நிலம் முழுவதும் முதலாவது கோட்டுக்குக் கீழே கிடப்பதால், கோடு எதுவும் இல்லாதிருப்பதே அங்கு தரப்பட்டிருக்கும் செய்தி: இந்த நிலம் 20 மீற்றருக்குக் குறைவான உயரமுடையது.

சமநிலத்தின் படத்தை நீரைக்கொண்டு வாசிக்க வேண்டும். ஒரு குளத்தை எடுங்கள். அதன் கரைகளில் மூன்று பக்கம் நெளிந்தும் ஒரு பக்கம் நேராகவும் இருக்கும். நேரான பக்கமே குளக்கட்டு. நீர் தேங்கியிருக்கும் பக்கம் நிலம் உயர்ந்தும், கட்டுக்கு அப்பால் தாழ்ந்தும் இருக்கிறது. கட்டிலிருந்து புறப்படும் வாய்க்கால்களும் அவற்றின் கீழுள்ள வயல்களும் அந்தச் சரிவை உறுதிசெய்கின்றன. ஒரு சமவுயரக்கோடும் இல்லாமல் நிலத்தின் சாய்வைச் சொல்லிவிட முடிகிறது. அடுத்து, கடலுக்கும் வாவிக்கும் இடையில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மணல்மேட்டையும், அதன்மேல் வீதியை ஒட்டிக் கோடாக அடுக்கப்பட்டிருக்கும் குடியிருப்புகளையும் பாருங்கள். நல்ல தண்ணீர்க் கிணறும் வெள்ளம் ஏறாத மேடும் கிடைக்கும் இடத்தில் மக்கள் குடியேறினார்கள் என்பதைப் படமே சொல்கிறது. அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதித் தாளில் குடியிருப்பின் ஒழுங்கு முற்றிலும் வேறு. கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டத்தின் கீழ் உருவான, எண்ணால் அழைக்கப்படும் கொலனிகள் வாய்க்கால்களை ஒட்டிச் சீரான இடைவெளியில் அமைந்திருக்கின்றன. கடலோர ஊர்கள் தாமாக வளர்ந்தவை. கொலனிகள் வரைந்து வைத்த பின் கட்டப்பட்டவை. இந்த வேறுபாட்டை இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் மாணவன், குடியிருப்புக் கோலங்கள் பற்றிய வினாவுக்கு எந்த வழிகாட்டி நூலையும் தேட வேண்டியதில்லை.

தனித்து நிற்கும் குன்றுகளையும் விட்டுவிடக் கூடாது. குடும்பிமலை போன்றவை சமவெளியிலிருந்து திடீரென எழுவதால் சமவுயரக்கோடுகள் அங்கே மட்டும் நெருங்கிய வளையங்களாகத் தெரியும்.

அப்படியானால் சுனாமி போன்ற அனர்த்தத்துக்கு இந்தப் படம் உதவுமா?

வரையறையோடு உதவும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நாவலடி முதலான இடங்களில் மீற்றர் கணக்கில் உயர்ந்த அலை நிலத்துக்குள் புகுந்தது. 20 மீற்றர் இடைவெளியில் உயரத்தைக் காட்டும் ஒரு படத்தால், 2 மீற்றர் உயரமான முற்றத்தையும் 8 மீற்றர் உயரமான மேட்டையும் வேறுபடுத்திக் காட்ட முடியாது. நமது கரையோரத்தில் உயிரைக் காப்பது அந்த ஆறு மீற்றர் வித்தியாசமே. வெளியேறும் வழிகளையும் பாலங்களையும் நீர்நிலைகளையும் 1:50,000 படத்தில் திட்டமிடலாம். உயரத்தைத் தீர்மானிப்பதற்கு இட உயரப் புள்ளிகள் நெருக்கமாகக் குறிக்கப்பட்ட பெரிய அளவுப் படமோ நேரடி மட்ட அளவையோ வேண்டும். கரையோரப் பாடசாலை ஒவ்வொன்றும் தன் முற்றத்தின் கடல்மட்ட உயரத்தை அறிந்து சுவரில் எழுதிவைக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

ஆறு இலக்க ஆள்கூற்றில் எதை முதலில் எழுத வேண்டும்?

படத்தின்மேல் சதுரங்களாக வரைந்திருக்கும் கட்டக் கோடுகளைக்கொண்டு ஓர் இடத்தைக் குறிக்கும் எண்ணே ஆள்கூறு. அதில் கிழக்கு நோக்கிய எண்ணை முதலில், வடக்கு நோக்கிய எண்ணைப் பின்னர் எழுத வேண்டும். சதுரத்தின் இடப் பக்கக் கோட்டின் எண்ணையும், அதிலிருந்து எத்தனை பத்தில் ஒரு பங்கு என்பதையும் எடுத்து மூன்று இலக்கம். பின் கீழ்ப் பக்கக் கோட்டிலிருந்து அவ்வாறே மூன்று இலக்கம்.

பழைய தாளையும் புதிய தாளையும் ஒன்றாகப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இலங்கையின் தேசிய கட்டக் கோடுகள் பிதுருதலாகல மலையை மையமாகக் கொண்டவை. பழைய முறையில் அந்த மலைக்குக் கிழக்கு 200 கிலோமீற்றர், வடக்கு 200 கிலோமீற்றர் என்ற பெறுமானமும், 1999ஆம் ஆண்டின் முறையில் 500, 500 என்ற பெறுமானமும் வழங்கப்பட்டுள்ளன. மட்டக்களப்பு நகரம் மலைக்குச் சுமார் 103 கிலோமீற்றர் கிழக்கேயும் 79 கிலோமீற்றர் வடக்கேயும் இருப்பதால், பழைய முறையில் ஏறத்தாழ 303, 279 என்றும் புதிய முறையில் 603, 579 என்றும் வரும். இடம் நகரவில்லை, எண்ணத் தொடங்கிய புள்ளியே மாறியது.

வீட்டிலிருக்கும் பழைய படத்தை இன்னும் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் ஓரத்தில் அச்சிட்டுள்ள ஆண்டை முதலில் வாசிக்க வேண்டும். 1961 ஏப்ரலுக்கு முற்பட்ட நிர்வாகப் படத்தில் அம்பாறை மாவட்டம் இராது. அது மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியாகவே இருந்தது. இன்னும் முந்திய ஒரு மைலுக்கு ஓர் அங்குலப் படத்தில் இங்கினியாகலைக்கு மேலே சேனாநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கம் இராது. கல்லோயா காட்டினூடே ஓடுவதாக வரையப்பட்டிருக்கும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் முன் வெளிவந்த படத்தில் அவ்விடத்தில் வாவி மட்டுமே குறுக்கிடும். கல்லடியில் 1924இல் கட்டப்பட்ட பாலத்துக்கு அருகே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அதற்கு முந்திய படத்தில் இராது.

ஒரே இடத்தின் இரண்டு காலப் படங்களை ஒப்பிடுவதைப் போன்ற நல்ல பயிற்சி வேறில்லை என்பேன். பழைய படம் பிழையான படமன்று. அது தன் ஆண்டுக்குச் சரியான சாட்சி.

செய்மதி இல்லாத காலத்தில் நாட்டை எவ்வாறு அளந்தார்கள்?

ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணிக்கலாம். இந்த ஒரு தேற்றத்தின் மீதுதான் பழைய படங்கள் யாவும் நின்றன. முதலில் சமநிலத்தில் ஒரு நேர்கோடு மிகுந்த கவனத்தோடு அளக்கப்படும், அதுவே அடிக்கோடு. அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றின் உச்சியைக் கோணமானியால் நோக்கிக் கோணங்கள் எடுக்கப்படும். அந்தக் குன்றின் தூரம் கணக்கில் கிடைத்துவிடும். பின்னர் அதுவே அடுத்த முக்கோணத்தின் மூலையாகும். இவ்வாறு முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாடு முழுவதும் கோணங்களாலேயே அளக்கப்பட்டது.

நில அளவைத் திணைக்களம் 1800 ஓகஸ்ட் 2ஆம் திகதி தொடங்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் நடந்த இலங்கையின் முக்கோண அளவைக்கு இரண்டு அடிக்கோடுகள் பயன்பட்டன: ஒன்று மேற்கே நீர்கொழும்பில், மற்றது கிழக்கே மட்டக்களப்பில். இரண்டாவது கோடு சரிபார்ப்புக்கு உதவுகிறது. ஒரு முனையிலிருந்து கணித்துக்கொண்டு வந்த நீளமும், மறுமுனையில் நிலத்திலேயே அளந்த நீளமும் ஒத்துவந்தால் இடையிலுள்ள முக்கோணங்கள் யாவும் நம்பத்தக்கவை. சமவுயரக்கோடு இல்லை என்று நம் பிள்ளைகள் குறைப்படும் அதே சமநிலம்தான் நாட்டின் அளவையைச் சரிபார்க்கும் இடமாயிற்று. இதனை வகுப்பில் பெருமையோடு சொல்லலாம்.

செய்மதிப் படம் தேசப்படத்துக்கு ஈடாகுமா?

ஈடாகாது. செய்மதிப் படம் அந்தக் கணத்தில் தெரிந்த எல்லாவற்றையும் காட்டும். தேசப்படம் தெரிந்தெடுத்தவற்றைப் பெயரோடு காட்டும். ஊரின் பெயர், பிரதேச எல்லை, வீதியின் தரம் ஆகிய எதுவும் வானிலிருந்து தெரிவதில்லை. மாற்றங்களைக் காண்பதில் செய்மதிப் படத்துக்கு நிகரில்லை. கோடையில் மணல் அடைத்துக் கிடக்கும் முகத்துவாரம் மாரி வெள்ளத்தின்போது திறந்தோ வெட்டப்பட்டோ போவதை, இரு மாதங்களின் படங்களை அருகருகே வைத்தால் எவரும் காணலாம். தேசப்படத்தில் அந்த வாய் ஏதோ ஒரு நாளின் நிலையில் உறைந்து நிற்கிறது.

மாவட்டங்களுக்கு நிறமிட்ட படங்களை நம்பலாமா?

அம்பாறையை வைத்துப் பார்ப்போம். பரப்பு 4,415 சதுர கிலோமீற்றர்; 2012 கணக்கெடுப்பின்படி சனத்தொகை சுமார் 6.5 இலட்சம். வகுத்தால் சதுர கிலோமீற்றருக்கு 147 பேர் அளவில் வரும். மாவட்டம் முழுவதும் அதற்குரிய ஒரே நிறத்தில் தீட்டப்படும். உண்மையில் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான ஒடுங்கிய கரையோரத்தில் வீட்டோடு வீடு ஒட்டியிருக்கிறது. லகுகலவிலும் மகாஓயாவிலும் காடும் சேனையும் விரிந்து கிடக்கின்றன. அந்த 147 என்ற எண் இந்த இரண்டு இடங்களில் எதற்கும் பொருந்தாது. பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக நிறமிட்டால் உண்மை ஓரளவு வெளிவரும். ஒரு புள்ளிக்கு இத்தனை பேர் என்று புள்ளிப் படமாக வரைந்தால் தெளிவாகவே வரும். நிறமிட்ட படம் எதைப் பார்த்தாலும், எந்த அலகுக்கு நிறமிட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

பிள்ளைகளைக் கொண்டு ஊர்ப் படம் வரைவிக்க என்ன தேவை?

அளவுநாடா, திசைகாட்டி, கட்டத்தாள், பென்சில், நடக்கக்கூடிய கால்கள். முதலில் பாடசாலை மைதானத்தில் 100 மீற்றரை நாடாவால் அளந்து குறித்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் இயல்பாக நடந்து எத்தனை காலடி என்று சில தடவை எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். 160 காலடி வந்தால் ஒரு காலடி 62.5 சென்ரிமீற்றர். இனி அந்தப் பிள்ளைக்கு நாடா தேவையில்லை.

ஆரையம்பதி போன்ற ஊரில், கடற்கரையிலிருந்து வாவிக்கரைக்குச் செல்லும் ஒரு வீதியைத் தெரிந்தெடுங்கள். இருவர் இருவராக அனுப்புவது நல்லது: ஒருவர் காலடியை எண்ணட்டும், மற்றவர் எழுதட்டும். வீதி திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, அடுத்த துண்டின் திசைகோளை (வடக்கிலிருந்து அளக்கும் கோணத்தை) திசைகாட்டியில் வாசித்துக் கொப்பியில் எழுத வேண்டும். எழுதுவதைப் பக்கத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி எழுதப் பழக்குங்கள். அப்போது நடக்கும் திசையும் எழுதும் திசையும் ஒன்றாகி, இடப் பக்கத்துக் கிணறு இடப் பக்கத்திலும் வலப் பக்கத்துக் கோயில் வலப் பக்கத்திலும் விழும். மின்கம்பங்களுக்கும் இரும்பு வாயிற்கதவுகளுக்கும் அருகில் நின்று திசைகாட்டியை வாசிக்கக் கூடாது. ஊசி அவற்றின் பக்கம் இழுபடும்.

வகுப்புக்குத் திரும்பியதும் 1:1,000 அளவில் வரையுங்கள். 200 மீற்றர் வீதி 20 சென்ரிமீற்றராகத் தாளில் அடங்கும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் சுற்றுவழியை நடந்திருந்தால், வரைந்த கோடு பெரும்பாலும் சரியாக மூடாது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளியை அழித்து மறைக்க விடாதீர்கள். அதனை அளந்து, நடந்த மொத்தத் தூரத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு திருப்பத்துக்கும் சிறிது சிறிதாகப் பகிர்ந்து சரிசெய்வதே நில அளவையாளரின் முறை.

எதைப் படத்தில் சேர்ப்பது, எதை விடுவது என்ற வாதம் வகுப்பில் எழும், எழ வேண்டும். வெள்ளம் தேங்கும் பள்ளம், குடிதண்ணீர்க் கிணறு, கண்டல் நிற்கும் கரை ஆகியவற்றை ஒரு பிள்ளை முக்கியமென்று குறிப்பதும், மற்றொரு பிள்ளை கடைகளை மட்டும் குறிப்பதும் இரண்டு வேறு படங்களைத் தருகின்றன.

கையில் தொலைபேசி இருக்கும்போது இத்தனை சிரமம் ஏன்?

வழி கண்டுபிடிக்கத் தொலைபேசி போதும். ஆனால் அது ஒரு சிறிய திரையில் நாம் நிற்கும் இடத்தை மட்டும் நடுவில் வைத்துக் காட்டுகிறது. வாவி எங்கே தொடங்கி எங்கே கடலோடு சேர்கிறது, எந்தக் குளத்து நீர் எந்த வயலுக்குப் போகிறது என்ற முழுத் தோற்றம் விரித்த தாளில்தான் ஒரே பார்வையில் கிடைக்கிறது. தொலைபேசிப் படங்களில் நமது சிற்றூர்களின் பெயர்கள் பிழையாகவோ இடம் மாறியோ இருப்பதையும் பலர் கண்டிருப்பார்கள். 2004இல் தொடங்கப்பட்ட ஓப்பன் ஸ்ட்ரீட் மப் என்ற திறந்த படத்தில் எவரும் திருத்தம் செய்யலாம். உயர்தர மாணவர்கள் தம் ஊர்ப் பெயர்களைத் தமிழில் சரியாகச் சேர்ப்பது மிகப் பயனுள்ள வேலை.

புவியியல் தகவல் முறைமையைக் கற்கப் பணம் செலவாகுமா?

கணினியில் படங்களை ஆக்கி ஆராயும் இந்த முறைமைக்குரிய கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரண கணினியிலும் இயங்கும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் புவியியல் பயில எண்ணும் மாணவர்கள் முன்கூட்டியே பழகிக்கொள்வது நல்லது. தாள் படத்தில் அளவுத்திட்டத்தையும் எறியத்தையும் விளங்கிக்கொள்ளாமல் கணினிக்குப் போனால், அழகான நிறத்தில் பிழையான படம் வரும்.

இடவிளக்கப் படத் தாள்களை எங்கே பெறுவது, எவ்வாறு பேணுவது?

கொழும்பு 5, கிருள வீதியிலுள்ள நில அளவைத் திணைக்களத் தலைமையகத்தில் வாங்கலாம். மாவட்ட நில அளவை அலுவலகத்திலும் விசாரித்துப் பாருங்கள். பாடசாலை அமைந்துள்ள தாளை முதலிலும், ஒப்பிடுவதற்காக மலைநாட்டுத் தாள் ஒன்றை அடுத்தும் வாங்குவது போதும். நமது கடலோர ஈரக்காற்றில் மடித்து வைத்த தாள் மடிப்பில்தான் முதலில் பிய்யும். ஆகவே மடிக்காமல் இழுப்பறையில் விரித்தோ குழாயில் சுருட்டியோ வைக்க வேண்டும்.

வகுப்பில் பகிர்வதற்காகப் போட்டோப் பிரதி எடுக்கும்போது ஒரு கவனம் தேவை. ஒரு பகுதியை 141 சதவீதமாகப் பெரிதாக்கினால், தாளில் 1:50,000 என்று அச்சிட்டிருப்பது அப்படியே நிற்கும். ஆனால் உண்மையான அளவுத்திட்டம் ஏறத்தாழ 1:35,500 ஆகிவிடும். தூரங்களைக் குறித்துக் கோடாக வரைந்திருக்கும் கோட்டு அளவுத்திட்டமோ படத்தோடு சேர்ந்து தானும் நீளும். எனவே எந்தப் பகுதியைப் பிரதி எடுத்தாலும் கோட்டு அளவுத்திட்டத்தை வெட்டியெடுத்து அதன் ஓரத்தில் ஒட்டிவிட்டு, இரண்டையும் ஒரே தடவையில் பெரிதாக்குங்கள்.